மச்சான் வண்டிக்கு ஊற்றிய எண்ணெய்

கேட்டது பத்து வரிதான். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற கடலூர் கார் சர்வீஸ் சென்டரில் இப்போது அட்வைசராக இருக்கும் பிரகாஷ், அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்காக, எந்த வண்டிக்கு எந்த இன்ஜின் ஆயில், எதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னார். புதிதாக வரும் கார்களுக்குக் கம்பெனிக்காரர்கள் தண்ணீர் மாதிரி மெல்லிய ஆயிலைச் சொல்கிறார்களாம். அதை ஊற்றினால் கஸ்டமர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். கடலூர் செம்மண்டலத்தில் என்னைப் போல் தனியாக இருக்கிறவனிடம் பத்து வரி கேட்டால் அவன் பத்தோடு நிறுத்த மாட்டான் என்று பிரகாஷுக்குத் தெரியவில்லை, பாவம்.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஆயில் டப்பாவின் மேல் 5W-30, 20W-50 என்று இரண்டு எண் போட்டிருக்கும். W என்ற எழுத்துக்கு முன்னால் இருப்பது, இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது எண்ணெய் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதைச் சொல்கிறது. எண் குறையக் குறைய வேகமாக ஓடும். பின்னால் இருப்பது, இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகும் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. நம் ஊரில் பனியா கொட்டுகிறது, முன்னால் இருக்கும் எண் நமக்கு எதற்கு, வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தானே நல்லது என்று கேட்பார்கள். ஊர்ச் சூடு வேறு, இன்ஜின் சூடு வேறு. கடலூரில் ஓடினாலும் ஊட்டியில் ஓடினாலும், ஓடிச் சூடான இன்ஜினுக்குள் ஏறக்குறைய ஒரே சூடுதான். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் இருக்கின்றன. காலையில் சாவியைத் திருப்பியதும் எண்ணெய் மேலே ஏறி வருவதற்குள்தான் தேய்மானம் ஜாஸ்தி. இந்தக் காலத்து இன்ஜின்களில் உள்ளே இடைவெளியும் மிகக் குறைவு. கெட்டி எண்ணெய் அங்கே போய்ச் சேரவே தாமதமாகும். அதனால் முதலில் வண்டியோடு வந்த புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதில் இந்த எண்கள், அதாவது கிரேடு, ஒன்றுக்கு மேல் கொடுத்திருந்தால், வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது, எண்ணெய் குடிக்கிறதா என்று பார்த்து ஒரு படி கெட்டியானதற்குப் போகலாம். புத்தகத்தைத் தாண்டிப் போக வேண்டாம்.

பத்து வரி முடிந்தது. பிரகாஷ் இதோடு வெட்டிக்கொள்ளலாம். இனிமேல் எழுதுவது எனக்காக.

ஐடிஐ முடித்தேன், சிதம்பரத்தில் ஒரு டூவீலர் ஷாப்பில் கை கறுக்க வேலை கற்றேன், கடலூரில் கார் சர்வீஸ் சென்டர் திறந்தபோது வந்து சேர்ந்தேன். அதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் வேலை கற்றுக்கொண்டது என்று சொன்னால் அது ஆரோக்கியசாமி சாரிடம்தான். எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது தப்பாக ஒன்றைச் சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொள்வார். அந்த நேரத்துக்குள் சொன்னவன் தானாகத் திருத்திக்கொள்ள வேண்டும். திருத்திக்கொள்ளாவிட்டால் "புக்கத் தொறங்க" என்பார். அவ்வளவுதான் அவருடைய திட்டு.

டிப்ஸ்டிக் என்கிற ஆயில் அளவுக் குச்சியைப் பார்ப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். வண்டியைச் சூடேற்றி, சமமான தரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, எண்ணெய் முழுக்கக் கீழே வடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பேசக் கூடாது. பேசினால் அவசரம் வந்துவிடும் என்பார். பிறகு குச்சியை உருவி, வெள்ளைப் பனியன் துணியில் ஒரு தரம் துடைத்து, திரும்ப முழுக்க இறக்கி, எடுத்துப் பார்க்க வேண்டும். அளவைப் பார்த்ததோடு விடமாட்டார். குச்சியைச் செங்குத்தாகப் பிடித்து, நுனியில் சொட்டு எப்படிச் சேர்கிறது, எப்போது விழுகிறது என்று பார்ப்பார். துணியில் விழுந்த சொட்டு எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பார். கடைசியாக முகர்ந்து பார்ப்பார். இத்தனையும் பார்த்து முடித்துவிட்டு, கிரேடு என்ன என்று எங்களைத்தான் கேட்பார்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வேறு ஒரு சோதனை உண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எண்ணெயை வைத்துத் தேய்ப்பார்கள். பிசுக்கென்று ஒட்டினால் நல்ல எண்ணெய், வழுக்கிக்கொண்டு ஓடினால் கலப்படம். டிராக்டரும் பம்பு செட்டும் ஓட்டிப் பழகிய கைகள், அவற்றைக் குறை சொல்ல முடியாது. கீரப்பாளையம் பக்கத்து ரைஸ்மில்காரர் ஒருவர், நாங்கள் டப்பாவைத் திறந்ததுமே விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்து, "இத என் வண்டியில ஊத்துறதுக்குப் பதிலா பைப்பத் தொறந்து வுடுங்க" என்று கத்திவிட்டுப் போனார். வெளியில் கெட்டி எண்ணெய் வாங்கி ஊற்றிக்கொண்டார். சில மாதம் கழித்துக் காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று சத்தம் வருகிறது என்று திரும்பி வந்தார். ஆரோக்கியசாமி சார் ஒன்றும் விளக்கவில்லை. வண்டியை இரவு இங்கேயே விட்டுவிட்டுக் காலையில் வரச் சொன்னார். வந்தவரைப் பானெட்டுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து ஸ்டார்ட் செய்தார். சத்தம் வந்தது, கொஞ்ச நேரத்தில் அடங்கியது. "எண்ணெய் இப்பதான் மேல போயிருக்குது" என்றார். ரைஸ்மில்காரர் சிரித்துவிட்டார். அதன் பிறகு எல்லா சர்வீஸுக்கும் எங்களிடமே வந்தார், விரலால் தேய்த்துப் பார்ப்பதை மட்டும் கடைசிவரை விடவில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும், அதில்தான் என் கதை மாட்டிக்கொண்டது. பழைய கார் வாங்குகிறவர்கள் வாங்குவதற்கு முன் எங்களிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். உள்ளே தேய்ந்துபோன இன்ஜினில் கெட்டி எண்ணெயை ஊற்றினால் சத்தம் அடங்கும், புகை குறையும், சில வாரம் தாங்கும். அதனால் ஆரோக்கியசாமி சார் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தார். பார்க்க வரும் வண்டியில் புத்தகத்தில் இல்லாத எண்ணெய் இருந்தால், அதை வடித்துவிட்டு, புத்தகத்தில் இருக்கும் எண்ணெயை ஊற்றி, ஓட்டிப் பார்த்த பிறகுதான் பதில் சொல்ல வேண்டும்.

என் மனைவி வளர்மதிக்குக் கீரப்பாளையம். அவளுடைய தம்பி ஏழுமலை வாடகைக் கார் ஓட்டினான். எனக்கு மச்சான், அவனுக்கு நான் மாமா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஏழுமலையின் மகள் கயல்விழிதான் லீவு விட்டால் செம்மண்டலத்துக்கு வந்துவிடுவாள். என் டூல் பாக்ஸைக் கவிழ்த்துப் போட்டு விளையாடுவாள், நான் திட்டுவதுபோல் திட்டுவேன். அவளுக்குச் சென்னையில் இன்ஜினியரிங் சீட் கிடைத்த வருடம், பணம் கட்டுவதற்காக ஏழுமலை காரை விற்க முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். "வாங்குற அம்மா உங்க சென்டர்லதான் காட்டணும்னுது மாமா. நல்லதாப் போச்சு, அங்க நீங்க இருக்கீங்க."

வளர்மதி அவனுக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தாள். நானும் நல்லதாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

வாங்க வந்தவர் ஜெசிந்தா, சிதம்பரத்தில் ஸ்டாஃப் நர்ஸ். அவர்கள் குடும்பத்தில் முதல் கார். டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நின்று நின்று கால் போய்விட்டது என்று, கேட்காமலேயே என்னிடம் சொன்னார். கடன் வாங்கி வாங்குகிறேன், நல்லா பாருங்கண்ணே என்றார். ஏழுமலை அந்தப் பக்கம் பானெட்டைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவன் என் மச்சான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சூடேற்றி, அணைத்து, பேசாமல் காத்திருந்து, குச்சியை உருவினேன். எண்ணெய் புத்தம் புதியது, தேன் நிறம். குச்சி நுனியில் சொட்டு சேர்ந்தது. விழவில்லை. அது கனத்து, நீண்டு, பிறகு மெதுவாகத் துணியில் விழுந்து, விழுந்த இடத்திலேயே குவிந்து நின்றது. அந்த வண்டிக்குப் புத்தகத்தில் போட்டிருப்பது 5W-30. உள்ளே இருப்பது அது இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் ஊற்றியிருக்கிறான் என்பதும் தெரிந்துவிட்டது.

ஆரோக்கியசாமி சார் ஜாப் கார்டோடு வந்து நின்றார். "உள்ள என்ன கிரேடு?" என்று கேட்டார்.

ஏழுமலை துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். ஜெசிந்தாவும் என்னைத்தான் பார்த்தார். புக்ல இருக்குறதுதான் சார் என்று நான் சொல்லியிருந்தால் அவர் எழுதிக்கொண்டு போயிருப்பார். என் சொல்லை அவர் திரும்பப் பரிசோதித்ததே இல்லை. அதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது.

"இருபது அம்பது மாதிரி தெரியுது சார்" என்றேன்.

"வடிச்சிடுங்க" என்று எழுதினார்.

வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடியில் நட்டைக் கழற்றி, எண்ணெய் சொட்டு நிற்கும்வரை வடியவிட்டேன். ஃபில்டரை மாற்றினேன். 5W-30 ஊற்றினேன். ஏழுமலை பக்கத்தில் வந்து, மெதுவான குரலில், புது எண்ணெய்தானே மாமா, எதுக்கு வீணா என்று மட்டும் கேட்டான். இங்கே முறை அப்படித்தான் என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

சார் ஓட்டினார், ஜெசிந்தா முன்னால் உட்கார்ந்தார். நானும் ஏழுமலையும் பின் சீட்டில். செம்மண்டலத்தைச் சுற்றிக்கொண்டு பைபாஸ்வரை போய்த் திரும்பினோம். என் வீட்டுத் தெரு முனையைத் தாண்டும்போது இருவருமே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். சென்டருக்குள் வந்து, ஏசியை ஓடவிட்டபடி வண்டியை நிறுத்தி வைத்தார் சார். இன்ஜின் நன்றாகச் சூடேறி மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, மீட்டரில் எண்ணெய்க் குவளைப் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கியது. அணைந்தது. மறுபடி மினுக்கியது.

ஜெசிந்தா அது என்ன லைட் என்று கேட்டார். ஆரோக்கியசாமி சார் பதில் சொல்லவில்லை. வண்டியைப் பார்த்தவன்தான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய இன்னொரு முறை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"ஆயில் பிரஷர் கம்மியா இருக்குதும்மா. உள்ள பேரிங் தேஞ்சிருக்கு. கெட்டி எண்ணெய் ஊத்துனா இந்த லைட்டு எரியாது, ஆனா தேயறது நிக்காது. இன்ஜினப் பிரிச்சு வேலை பாக்கணும்" என்றேன்.

ஜெசிந்தா கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்னால் திரும்பி ஏழுமலையைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. வார்டில் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்க்கிற பார்வை. வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கேட்டருக்கு வெளியே ஏழுமலையிடம் போனேன். அவன் ஏமாற்ற நினைத்தானா என்றால், இல்லை என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன். லைட் எரிந்திருக்கிறது, கீரப்பாளையத்தில் யாரோ கெட்டி எண்ணெய் ஊற்றச் சொல்லியிருக்கிறார்கள், ஊற்றியதும் நின்றுவிட்டது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டதுபோல், வண்டி சரியாகிவிட்டது என்று நினைத்திருக்கிறான். அவனும் விரலால் தேய்த்துப் பார்க்கிற ஆள்தான். அதை அவனே சொன்னான். சொல்லிவிட்டு, "அந்தம்மா என்னத் திருடனப் பாக்குற மாதிரி பாத்துச்சு மாமா. நீங்க பக்கத்துலதான ஒக்காந்திருந்தீங்க" என்றான். வண்டியில் ஏறிப் போய்விட்டான். அதுதான் அவன் என்னை மாமா என்று கூப்பிட்ட கடைசித் தடவை.

சாயந்திரம் ஆரோக்கியசாமி சாருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒங்க மச்சானா? மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேற ஆள வுட்டுப் பாத்திருப்பேனே" என்றார். இத்தனை வருடத்தில் அவர் சொன்னதில் எனக்குத் தூக்கம் கெடுத்தது அந்த ஒரு பேச்சுதான்.

வீட்டில் வளர்மதி சண்டை போடவில்லை. தட்டை வைத்தாள், சோறு போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு எரிந்ததை, அந்த அம்மா கடன் வாங்கி வந்ததை, எல்லாவற்றையும். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "நீங்க சொன்னது சரிதான். ஆனா சொன்னது நீங்களா இருந்திருக்க வேணாம்."

கயல்விழிக்கு நான் பணம் கட்டுகிறேன் என்று வளர்மதி மூலம் சொல்லி அனுப்பினேன். வேண்டாம் என்று அவள் மூலமாகவே பதில் வந்தது. நிலத்தை அடகு வைத்துக் கட்டினார்கள். அதன் பிறகு பொங்கலுக்கும் காரியங்களுக்கும் வளர்மதி மட்டும் பஸ் ஏறிக் கீரப்பாளையம் போனாள். நான் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விட்டு வருவேன். ஒரு தடவை ஏறி உட்கார்ந்திருந்தால் எல்லாம் தீர்ந்திருக்குமோ என்னவோ. நான் வீம்புக்காரன், சரியைச் சொன்னவன் எதற்கு முதலில் போக வேண்டும் என்று இருந்துவிட்டேன். அவனும் என்னைப் போலத்தான். கயல்விழி லீவுக்கு வருவது நின்றது. சென்னையில் இருந்து அத்தைக்குப் போன் செய்வாள், போனைச் சத்தமாக வைக்கும்படி வளர்மதியிடம் நான் சைகை காட்டுவேன், தள்ளி உட்கார்ந்து கேட்பேன்.

வளர்மதி போன வருடம் போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடி அவன்தான் கொண்டுவர வேண்டும், கொண்டுவந்தான். அக்கா காலடியில் புடவையை வைத்துவிட்டு, என் பெரியப்பா மகனிடம், இன்னும் என்ன செய்யணும்னு அவரக் கேட்டுச் சொல்லுங்க என்றான். நான் ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் வேண்டாம் என்று நானும் பெரியப்பா மகனிடம்தான் சொன்னேன். எடுத்துப்போன பிறகு பார்த்தால் அவன் இல்லை.

அன்றைக்கு நான் வேறு கிரேடு சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேனா? இல்லை. நாளைக்கு அதே வண்டி வந்தாலும் அதேதான் சொல்வேன். ஜெசிந்தா பிறகு வேறு ஒரு கார் வாங்கி, நான் ஓய்வுபெறும்வரை எங்களிடம்தான் சர்வீஸ் விட்டார். அதில் எனக்குச் சந்தோஷம் உண்டு. ஆனால் சரியைச் சொன்னவனுக்கும் சாயந்திரம் வரும், டிவியை ஓடவிட்டு யாரோ பேசுகிற சத்தம் வீட்டில் இருக்கும்படி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒரு வேளை சமைப்பதை இரண்டு வேளைக்கு வைத்துக்கொள்கிறேன். சில நாள் அதுவும் இல்லை.

இதுவரை எழுதிவிட்டு மூடி வைத்திருந்தேன். முந்தாநாள் மத்தியானம் பிரகாஷ் போன் செய்தார். ஒரு புது வண்டி, முதல் பெரிய சர்வீஸ், புத்தகத்தில் 0W-20 போட்டிருக்கிறது. வண்டி மகளுடையதாம், கொண்டுவந்த பெரியவர் எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, செம்மண்டலத்தில் இருக்கிற சாரைக் கேளுங்கள், அவர் எதைச் சொல்கிறாரோ அதை ஊற்றுங்கள், வேறு யார் சொன்னாலும் ஊற்றக் கூடாது என்கிறாராம். எந்த ஊர் என்று கேட்டேன். கீரப்பாளையம் என்றார் பிரகாஷ்.

போனை அந்தப் பெரியவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"வேணாங்குறாரு சார். ஆயில் நம்பர மட்டும் கேக்கச் சொல்றாரு."

புத்தகத்தில் இருப்பதையே ஊற்றச் சொன்னேன். பிரகாஷ் அதை அவனிடம் திருப்பிச் சொல்வது கேட்டது. "அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும், ஊத்துங்க" என்று ஒரு குரல். ஏழுமலையின் குரல்தான், வயதாகியிருந்தது. பிரகாஷ் தேங்க்ஸ் சொல்லி வைக்கப் போனார். வைக்காதீங்க என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் காத்திருந்தார்.

"சாப்டாரான்னு கேளுங்க" என்றேன்.

பிரகாஷுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனாலும் கேட்டார். எங்கேயோ ஒரு வண்டிக்கு டயர் நட்டு இறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"சாப்டாராம் சார். நீங்க சாப்டீங்களான்னு கேக்குறாரு."

"சாப்டேன்னு சொல்லுங்க" என்றேன். அன்றைக்கு நான் இன்னும் அடுப்பே பற்றவைத்திருக்கவில்லை.